போலி மென்பொருள் நுழையாமல் அலுவலகக் கணினிகளைப் பூட்டியது எப்படி

எங்கள் அலுவலகத்தில் இருபதைத் தாண்டிய விண்டோஸ் கணினிகள் உண்டு. இன்று எதிலும் யாரும் தம் இஷ்டத்துக்கு ஒரு மென்பொருளை இறக்கி நிறுவ முடியாது. அதைப் பற்றி யாரும் முணுமுணுப்பதும் இல்லை. பூட்டுவதற்கான கருவிகள் விண்டோஸிலேயே இருக்கின்றன. பொறுமை இருந்தால் போதும். முணுமுணுப்பு வராமல் பார்த்துக்கொள்ளத்தான் உழைப்பில் பெரும்பங்கு போனது. தனியாக ஐடி பிரிவு இல்லாத சிறு நிறுவனம் இது. கணினிகளைக் கவனிப்பது என் வேலையில் ஒரு பகுதி மட்டும். அதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று, செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

எங்கிருந்து வந்தது

கணக்குப் பிரிவில் ஒருவருக்கு நாலைந்து பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. தேடுபொறியில் தேடினார், முதலில் வந்ததை இறக்கினார். முதலில் வந்தது விளம்பரம். மென்பொருள் ஒழுங்காகவே வேலை செய்தது, பிடிஎஃப்களும் சேர்ந்தன. சில நாள் கழித்து அவருடைய மின்னஞ்சலிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்" என்று கடிதம் போனது. ஒரு வாடிக்கையாளர் சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டதால் பணம் தப்பியது.

அந்த இன்ஸ்டாலர் இன்னும் அவருடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடந்தது நல்லதாகப் போயிற்று. இணையத்திலிருந்து இறங்கும் கோப்பின் மேல் விண்டோஸ் ஒரு சீட்டு ஒட்டி வைக்கும். விண்டோஸின் வழக்கமான வட்டு வடிவமான என்டிஎஃப்எஸ்ஸில் கோப்போடு ஒட்டியிருக்கும் மறைவான கூடுதல் பகுதி அது, ஸ்ட்ரீம் என்பார்கள். பெயர் 'ஜோன் ஐடென்டிஃபையர்'. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'டிர்' கட்டளையோடு ஸ்லாஷ் ஆர் சேர்த்து அடித்தால் கோப்பின் பெயருக்குக் கீழே அது தெரியும். பவர்ஷெல்லில் 'கெட்-கன்டென்ட்' கட்டளையோடு 'ஸ்ட்ரீம்' என்று சேர்த்து அந்தப் பெயரைக் கொடுத்தால் உள்ளே இருப்பதையும் படிக்கலாம். சில வரிகள்தான் இருக்கும். ஜோன்ஐடி 3 என்றால் இணையத்திலிருந்து வந்தது என்று பொருள். அடுத்த வரி எந்தப் பக்கத்திலிருந்து வந்து சொடுக்கினார் என்று சொல்லும். அதற்கடுத்தது கோப்பு உண்மையில் எந்த முகவரியிலிருந்து இறங்கியது என்று சொல்லும். பக்கத்தின் முகவரி பிரபலமான கருவியின் பெயரை ஒத்திருந்தது. கோப்பின் முகவரிக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. பிரவுசர் வரலாற்றை அழித்துவிட்டிருந்தாலும் இந்தச் சீட்டு கோப்போடு தங்கிவிடும் என்பது அன்று பெரிய உதவி.

முதலுதவி பற்றிச் சுருக்கமாக. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினோம். கடவுச்சொற்களை வேறொரு கணினியில் உட்கார்ந்து மாற்றினோம். ஆனால் கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. இந்த வகைத் திருட்டு நிரல்கள் பிரவுசரின் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகின்றன. ஏற்கெனவே உள்நுழைந்த நிலையையே தூக்கிப் போவதால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் தடுக்காது. 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை ஒவ்வொரு சேவையிலும் தேடிப் பிடித்து அழுத்த வேண்டும். மின்னஞ்சல் கணக்கின் விதிகளையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு அங்கே ஒரு விதி புதிதாக முளைத்திருந்தது. 'வங்கி' என்ற சொல் உள்ள பதில்களை எல்லாம் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. கணினியைச் 'சுத்தம்' செய்யவில்லை, வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினோம். ஆன்டிவைரஸ் ஓட்டி, பச்சை டிக் வந்தது என்று பழையபடி கையில் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

'நன்றாகத்தானே வேலை செய்தது' என்று அந்த ஊழியர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. 2025-இல் ஆய்வாளர்கள் 'டாம்பர்டுசெஃப்' என்ற பெயரில் வெளிப்படுத்திய போலி பிடிஎஃப் எடிட்டர் அப்படித்தான் நடந்துகொண்டது. ஜூன் கடைசியில் விளம்பரங்கள் வழியே பரவத் தொடங்கி, ஆகஸ்ட் 21 வரை சாதுவாக எடிட்டராகவே இருந்துவிட்டு, அதன் பிறகுதான் கடவுச்சொற்களைத் திருட ஆரம்பித்தது. ஒரு மென்பொருள் தன் வேலையைச் செய்கிறது என்பது அது அசல் என்பதற்குச் சாட்சி ஆகாது.

கணக்கெடுப்பு

அடுத்து, எந்தக் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்தோம். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வழி, பவர்ஷெல்லில் 'வின்32_புராடக்ட்' என்பதைக் கேட்பது. அதை ஓட்டாதீர்கள். பட்டியல் கொடுக்கும் சாக்கில், எம்எஸ்ஐ என்ற விண்டோஸின் நிறுவல் கோப்பு வடிவம் வழியாக நிறுவப்பட்ட ஒவ்வொன்றையும் அது சரிபார்த்து, குறை இருப்பதாக நினைத்தால் பழுதுபார்க்கவும் இறங்கிவிடும். முதல் கணினியிலேயே பட்டியல் வர வெகுநேரம் ஆயிற்று. நிகழ்வுப் பதிவேடு முழுக்க 'மறு அமைப்பு முடிந்தது' என்ற வரிகள். அதை விட்டுவிட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் 'அன்இன்ஸ்டால்' கிளையை நேராகப் படித்தோம். 64 பிட்டுக்கு ஒன்று, 32 பிட்டுக்கு ஒன்று, பயனரின் சொந்தக் கிளையில் ஒன்று என மூன்று இடங்கள். மூன்றாவதை விட்டுவிட்டால் பாதி விஷயம் தப்பிவிடும். அட்மின் அனுமதி கேட்காமல் சத்தமில்லாமல் நுழைகிறவை எல்லாம் அங்கேதான் பதிவாகும்.

பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றியது. பிடிஎஃப்புக்கு மட்டும் ஆளுக்கொரு கருவி. ஒரே கணினியில் மூன்று ஜிப் மென்பொருள்கள். இரண்டு 'டிரைவர் அப்டேட்டர்'கள். இந்த இனத்தில் நல்லது ஒன்றையும் நான் இதுவரை பார்த்ததில்லை. வடிவமைப்புப் பிரிவில் ஒரு கிராக் செய்யப்பட்ட மென்பொருளும், ஆஃபிஸை உரிமம் இல்லாமலே ஓட வைக்கும் ஒரு கேஎம்எஸ் ஆக்டிவேட்டரும் கிடந்தன.

கிராக் விஷயம் கொஞ்சம் சங்கடமானது, ஏனென்றால் அதை வைத்தவர் ஊழியர் என்றாலும், உரிமம் வாங்கித் தராதது நிறுவனம். உலகம் முழுக்க இதுதான் கதை. கணினிகளில் இருக்கும் மென்பொருளில் 37 சதவீதம் உரிமம் இல்லாதது என்று மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏவின் 2018 அறிக்கை சொன்னது. ஆக்டிவேட்டர்களின் நிறுவல் குறிப்பில் முதல் படியே 'ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்' என்பதாக இருக்கும். அப்படி ஒரு குறிப்பைக் கடைப்பிடித்த கணினியில் வேறென்ன நுழைந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 'கேஎம்எஸ்பிகோ' என்ற பெயரில் சுற்றிய போலி இன்ஸ்டாலர்களோடு கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரலும் சேர்ந்தே வந்ததை 2021-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நிர்வாகத்திடம் பேசியபோது சட்டம், அபராதம் என்று ஆரம்பிக்கவில்லை. 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' கடிதத்தை அச்செடுத்து மேசையில் வைத்தேன். தினமும் பயன்படுத்துகிற மூவருக்கு உரிமம், எப்போதாவது திறக்கிறவர்களுக்கு லிப்ரே ஆஃபிஸும் இங்க்ஸ்கேப்பும் என்று முடிவாயிற்று. இந்த முழு வேலையிலும் பணமாகப் போனது இந்த உரிமங்கள் மட்டும்தான். மீதியெல்லாம் என் நேரம்.

வகுப்பு எடுத்தோம், பலன் இல்லை

எல்லோரும் சொல்கிறார்களே என்று ஒரு விழிப்புணர்வு வகுப்பு எடுத்தோம். முகவரியைக் கவனியுங்கள், பூட்டுக் குறியைப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் அசலும் போலியும் கலந்து முகவரிகளைத் திரையில் போட்டு எது எது என்று கேட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்களும் தடுமாறினார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. 7-ஜிப்பின் அசல் தளத்தின் பெயரில் 7-க்குப் பிறகு ஒரு கோடு உண்டு, முடிவில் 'ஆர்க்' வரும். கோடு இல்லாமல் 'காம்' என்று முடிகிற முகவரிதான் யாருக்கும் அசல் போலத் தோன்றும். அது அவர்களுடையது அல்ல. புட்டி என்ற ரிமோட் கருவியின் பெயரோடு 'ஆர்க்' சேர்ந்த முகவரி ஒன்று பல வருடமாக இருக்கிறது. அதுவும் புட்டியை எழுதியவர்களுடையது இல்லை. அவர்களின் பழைய அசல் பக்கமோ சம்பந்தமே இல்லாததுபோல் 'சியார்க்' என்று தொடங்கும் நீண்ட முகவரியில் இருக்கிறது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடத்தின்படி பார்த்தால் அசலைப் போலி என்றுதான் குறித்திருக்க வேண்டும்!

கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ் மென்பொருளின் பெயரில் 2023-இல் நடந்த மோசடி இன்னும் மோசம். கூகுள் விளம்பரத்தில் தெரிந்தது கீபாஸின் அசல் முகவரியே. சொடுக்கினால் போய்ச் சேருவது 'கே' எழுத்தின் காலடியில் ஒரு சிறு வால் முளைத்த வேறு முகவரி. திரையில் தூசி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைப்போம். பூட்டுக் குறி? போலித் தளத்துக்கும் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லலாமா என்றும் யோசித்தோம். சிவப்பு வந்தால் நிச்சயம் கெட்டது. ஒன்றும் வராவிட்டால் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். போதாததற்குச் சில போலி இன்ஸ்டாலர்களின் வயிற்றில் வெறும் பூஜ்யங்களை நிரப்பி நூற்றுக்கணக்கான எம்பிக்கு ஊதிவிடுகிறார்கள். வைரஸ்டோட்டல் ஏற்கும் உச்ச அளவு 650 எம்பி, பல ஸ்கேனர்களும் பெரிய கோப்பைத் தொடாமல் விட்டுவிடும். பிடிஎஃப் சேர்க்கும் கருவி 700 எம்பி இருந்தால் அதுவே போதுமான சந்தேகம்.

வகுப்பைக் கைவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். 'ஏதாவது இறக்கிவிட்டால் உடனே சொல்லுங்கள், திட்ட மாட்டோம்' என்ற ஒரே வரியாகச் சுருக்கிக்கொண்டேன். கணக்கு எழுதுகிறவர் முகவரியில் கோடு இருக்கிறதா வால் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் தேடவே வேண்டியிராத நிலையை உண்டாக்குவது என் வேலை.

அலமாரி

நெட்வொர்க்கில் ஒரு பொது ஃபோல்டர் திறந்து 'அலமாரி' என்று பெயர் வைத்தோம். எல்லோரும் படிக்கலாம், யாரும் எழுத முடியாது. எழுதும் உரிமை ஒரே ஒரு கணக்குக்கு; அந்தக் கணக்கில் மின்னஞ்சல் திறப்பதில்லை, இணையத்தில் உலாவுவதும் இல்லை. வெளியிலிருந்து ஒரு இன்ஸ்டாலர் உள்ளே வர வேண்டுமானால் இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

இறக்குவதற்குப் பெரும்பாலும், விண்டோஸோடு வருகிற, கட்டளை கொடுத்து மென்பொருளை நிறுவும் விங்கெட் கருவியே போதும். அதன் பட்டியலில் ஒவ்வொரு பதிப்புக்கும் தயாரிப்பாளரின் முகவரியும், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா-256 என்ற கைரேகை எண்ணும் எழுதியிருக்கும். இறங்கிய கோப்பு அதோடு பொருந்தவில்லை என்றால் நிறுவ மறுத்துவிடும். தேடுபொறி, விளம்பரம் இரண்டும் இந்தப் பாதையில் வருவதே இல்லை. விங்கெட்டில் இல்லாததைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுப்போம். அந்த முகவரியைத் தேடி எடுப்பதில்லை. உரிமக் கடிதம், பழைய பதிப்பின் 'அபவுட்' பெட்டி, விக்கிப்பீடியா ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் எடுப்போம்.

பிறகு இரண்டு சோதனைகள். 'கெட்-ஆதென்டிகோட்சிக்னேச்சர்' கட்டளை கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சொல்லும். 'வேலிட்' என்று வந்தால் அதோடு நிறுத்திவிடக்கூடாது. யாருடைய பெயரில் கையொப்பம் என்று படிக்க வேண்டும். போலி பிடிஎஃப் கருவியிலும் செல்லுபடியாகும் கையொப்பம் இருந்தது. யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியின் பெயரில். கையொப்பம் 'ஹாஷ் மிஸ்மேட்ச்' என்று வந்தால் கோப்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், மறுபேச்சில்லாமல் அழிக்கலாம். 'நாட்சைன்டு' என்று வந்தால் போலி என்று முடிவு கட்டவும் முடியாது. 7-ஜிப்பின் அசல் இன்ஸ்டாலரிலேயே கையொப்பம் இல்லாமல் இருந்தது. முதலில் கையொப்பம் இல்லாத எதையும் ஏற்பதில்லை என்று விதி போட்டு, அடுத்த மணி நேரமே 7-ஜிப்புக்காக அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

அப்படிப்பட்டவற்றுக்கு இரண்டாவது சோதனை: 'கெட்-ஃபைல்ஹாஷ்' கொடுக்கும் ஷா-256 எண்ணை ஒப்பிடுவது. இங்கே ஒரு நுணுக்கம். கோப்பு இறக்கிய பக்கத்திலேயே எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால், கோப்பு சேதமில்லாமல் இறங்கியது என்பது மட்டும்தான் தெரியும். தளமே கை மாறியிருந்தால் எண்ணையும் மாற்றி எழுதியிருப்பார்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் அசல் தளத்துக்குள்ளேயே புகுந்து, திருட்டுத்தனமாக நுழையப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு (நிறுவல் வட்டின் கோப்பு வடிவம்) இணைப்பை மாற்றிவிட்டார்கள். அதனால் எண் வேறொரு இடத்திலிருந்து வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். விங்கெட் பட்டியலில் இருப்பதும் தயாரிப்பாளரின் கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்தில் இருப்பதும் ஒத்துப்போனால் அலமாரிக்குள் விடுவோம். பெரிய ஐஎஸ்ஓக்களைத் தவிர எதற்கும் இந்தக் கணக்கு சில விநாடிக்கு மேல் ஆவதில்லை. கூடவே ஒரு விரிதாளில் பெயர், பதிப்பு, எடுத்த முகவரி, கையொப்பமிட்டவர், ஷா-256-இன் முதல் எட்டு எழுத்து, தேதி, யார் கேட்டார் என்று ஒரு வரி எழுதுகிறோம்.

இதையெல்லாம் தாண்டியும் வரும். 2017-இல் கணினியைத் துப்புரவு செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து, அவர்களின் அசல் கையொப்பத்தோடு, உள்ளே பின்வாசலோடு இறங்கியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2025-இல் நோட்பேட்++ மென்பொருளின் புதுப்பிப்பு கேட்ட குறிப்பிட்ட சிலர் மட்டும் தாக்குபவர்களின் சர்வருக்குத் திருப்பிவிடப்பட்டார்கள், 8.8.9 பதிப்பிலிருந்துதான் இறங்கிய கோப்பின் கையொப்பத்தை அது கட்டாயமாகச் சரிபார்க்கிறது. இந்த வகைக்கு எங்களால் முடிந்தது ஒன்றுதான்: பிரவுசர், விண்டோஸ், மின்னஞ்சல் மென்பொருளின் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தவுடன் போகும், மற்றவற்றின் புதிய பதிப்புகள் அலமாரியில் இரண்டு வாரம் ஊறிய பிறகே போகும். ஏதாவது வில்லங்கம் இருந்தால் அதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. சிகிளீனர் விஷயம் வெளிவர ஒரு மாதம் ஆனது என்பதும் எனக்குத் தெரியும்.

அட்மின் உரிமை

எல்லோரும் அட்மினாகவே இருந்தார்கள். சாதாரணக் கணக்குக்கு மாற்றியதும் இரண்டு பழைய மென்பொருள்கள் திறக்க மறுத்தன. அதில் ஒன்று கணக்கு மென்பொருள். விற்றவர்களைக் கேட்டால் 'அட்மினாக ஓட்டுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நிரல்கள் எந்தக் கோப்பைத் தொடுகின்றன என்று காட்டும் ப்ராசஸ் மானிட்டர் கருவியைத் திறந்து, அந்த நிரலின் பெயரையும் 'ஆக்சஸ் டினைட்' என்ற முடிவையும் மட்டும் வடிகட்டி ஓட்டினேன். மொத்தம் ஒரே ஒரு ஃபோல்டர். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் தன் சொந்த அமைப்புக் கோப்பை எழுதப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தது. அந்த அமைப்புக் கோப்புக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்ததும் அட்மின் இல்லாமலே ஓடியது. ஃபோல்டர் முழுக்கக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அடுத்து சொல்லப்போகும் பூட்டில் நானே ஓட்டை போட்டதாகியிருக்கும்.

ஆப்லாக்கர்

அட்மின் உரிமையை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய திருட்டு நிரலுக்கு அட்மின் தேவையே இல்லை. பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரிலிருந்தே ஓடி, பயனரின் கடவுச்சொற்களை எடுத்துக்கொண்டு போகும். அதனால் 'எழுத முடிகிற இடத்திலிருந்து எதுவும் ஓடக்கூடாது' என்ற விதி வேண்டும். எந்த நிரல் ஓடலாம் என்று தீர்மானிக்கும் விண்டோஸ் வசதி ஆப்லாக்கர்; அதன் இயல்பு விதிகள் அதைத்தான் செய்கின்றன: விண்டோஸ் ஃபோல்டர், புரோகிராம் ஃபைல்ஸ் இரண்டிலும் இருப்பவை ஓடலாம், அட்மினுக்கு எல்லாம் ஓடும், மற்றது கிடையாது. முன்பு இதற்கு என்டர்பிரைஸ் பதிப்பு தேவைப்பட்டது. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பு முதலே அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள்.

முதலில் தணிக்கை நிலையில் மட்டும் வைத்தோம். எதையும் தடுக்காது; தடுத்திருக்கும் என்றால் நிகழ்வுப் பதிவேட்டில் 8003 என்று எழுதும். வாரக் கடைசியில் எல்லாக் கணினியிலிருந்தும் 8003-களைத் திரட்டினேன். ஜூம், ஒரு அரட்டைச் செயலி, ஒருவரின் கணினியில் குரோம் என எல்லாமே ஆப்டேட்டாவிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. இவற்றுக்கெல்லாம் விதிவிலக்கு எழுத ஆரம்பித்தேன். நாலாவது விதிவிலக்கு எழுதும்போதே இது ஓட்டைக்கு மேல் ஓட்டை போடும் வேலை என்று புரிந்தது. மொத்தத்தையும் அழித்துவிட்டு, அந்த மென்பொருள்களையே கழற்றி, கணினி முழுமைக்குமான எம்எஸ்ஐ வடிவத்தை அலமாரியிலிருந்து நிறுவினோம். புரோகிராம் ஃபைல்ஸில் உட்கார்ந்துகொண்டதால் விதிவிலக்கே தேவைப்படவில்லை.

தடுக்கும் நிலைக்கு மாற்றியபின் சோதனை. புட்டி ஒரே கோப்பாகக் கிடைக்கும், நிறுவ வேண்டியதில்லை. அதை டவுன்லோட்ஸில் போட்டு இருமுறை சொடுக்கினேன். ஜம்மென்று திறந்துகொண்டது! விதிகளைத் திருப்பித் திருப்பிப் படித்து அரை நாள் போயிற்று. விதிகளில் குற்றமில்லை; அவற்றை அமல்படுத்தும் 'அப்ளிகேஷன் ஐடென்டிட்டி' என்ற சர்வீஸ் அந்தக் கணினியில் ஓடவில்லை. சர்வீசஸ் பட்டியலில் போய் அதைத் தானியங்கி ஆக்க முயன்றால் அனுமதி மறுக்கும். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'எஸ்சி கான்ஃபிக்' வழியாகத்தான் மாற்ற முடிந்தது. அதன் பிறகு அதே புட்டியைச் சொடுக்கினால் 'உங்கள் நிர்வாகி இந்தச் செயலியைத் தடுத்துள்ளார்' என்ற நீலப் பெட்டி. பதிவேட்டில் 8004. ஒவ்வொரு கணினியிலும் இந்தப் புட்டி சோதனையைச் செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே டெம்ப், டாஸ்க்ஸ் போன்ற சில இடங்களில் சாதாரணப் பயனரும் எழுத முடியும். இயல்பு விதி அவற்றையும் அனுமதித்துவிடும் என்பதால் தனியாக விலக்க வேண்டும். ஸ்கிரிப்ட் விதிகளையும் மறக்காமல் போட வேண்டும்; போட்டால் பவர்ஷெல் சாதாரணப் பயனருக்குக் கட்டுப்படுத்தப்பட்ட நிலையில்தான் ஓடும். இப்போது பரவும் ஒரு மோசடியில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தி, ஒட்டி, என்டர் தட்டுங்கள்' என்று பக்கமே சொல்லும்; ஒட்டப்படுவது பவர்ஷெல் கட்டளை. கோப்பு எதுவும் இறங்காததால் டவுன்லோடைத் தடுத்து இதைப் பிடிக்க முடியாது. அந்த விசைகள் திறக்கும் 'ரன்' பெட்டியையே, எல்லாக் கணினிக்கும் நிர்வாகி விதிக்கும் அமைப்பான கொள்கை (பாலிசி) வழியாக எடுத்துவிட்டோம். ஒருவர் கூடக் கேட்கவில்லை, என்னைத் தவிர.

பிரவுசரும் டிஎன்எஸ்ஸும்

இது எளிதாக முடிந்தது. எல்லாப் பிரவுசரிலும் விளம்பரத் தடுப்பானைக் கொள்கை வழியாகக் கட்டாயமாக்கினோம்: ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின், குரோமிலும் எட்ஜிலும் அதன் லைட் வடிவம். வேறு நீட்சிகளைச் சேர்க்க முடியாது. தேடல் விளம்பரங்களில் நிறுவனங்களைப் போல வேடமிடுகிறார்கள், விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க எஃப்பிஐயே 2022 டிசம்பரில் எச்சரித்தது. நிர்வாகத்தை ஒப்புக்கொள்ள வைக்க அந்த ஒரு பக்கம் போதுமாக இருந்தது.

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவைதான் டிஎன்எஸ். ரூட்டரில் அதை, தெரிந்த தீய முகவரிகளைத் தடுக்கும் குவாட்9-க்கு மாற்றினோம், எண் 9.9.9.9. மாற்றிய பிறகும் சில கணினிகளின் கேள்விகள் அங்கே போகவில்லை. பிரவுசர் தன் சொந்த மறைகுறியிட்ட டிஎன்எஸ்ஸை வைத்துக்கொண்டு ரூட்டரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அதையும் கொள்கையில் அணைத்த பிறகே சரியானது.

கேட்டால் கிடைக்க வேண்டும்

பூட்டிய முதல் வாரம் அலுவலகம் என் மேல் கோபமாக இருந்தது. வாடிக்கையாளர் அனுப்பிய விசித்திரமான படக்கோப்பு திறக்கவில்லை, கூட்டம் தொடங்க பத்து நிமிடம் இருக்கிறது, புதிய செயலி வேண்டும் என்று. நான் வெளியே போயிருந்த ஒரு மதியம், ஒருவர் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவந்து அதில் வேலையை முடித்திருக்கிறார். அதற்கு ஆப்லாக்கரால் என்ன செய்ய முடியும்?

இதற்கு இரண்டு மாற்றம் செய்தோம். கேட்பதற்கென்று அரட்டையில் ஒரு குழு. அலுவலக நேரத்தில் அரை மணிக்குள் பதில் உண்டு, 'இல்லை' என்றால் அதற்கு மாற்று என்ன என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் இல்லாதபோது பார்க்க இன்னொருவருக்கும் சோதனை முறையைச் சொல்லிக்கொடுத்தேன். எழுதும் கணக்கின் கடவுச்சொல் மூடிய உறையில் நிர்வாகியிடம் இருக்கிறது. இரண்டாவது, கேட்கும் முன்பே வைத்துவிடுவது. வந்த கோரிக்கைகளைப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே நாலைந்துதான்: பிடிஎஃப் சேர்க்க, பிரிக்க, திரையைப் படம்பிடிக்க, வீடியோ வடிவம் மாற்ற, ஜிப் திறக்க. பிடிஎஃப்சாம் பேசிக், கிரீன்ஷாட், ஹேண்ட்பிரேக், விஎல்சி, 7-ஜிப் ஐந்தையும் எல்லாக் கணினியிலும் முன்கூட்டியே நிறுவிவிட்டோம். கோரிக்கைகள் பாதிக்கு மேல் குறைந்தன. முதலில் பிடிஎஃப் கருவி ஒன்று அந்தக் கணினியில் இருந்திருந்தால் அவர் தேடியே இருக்க மாட்டார்.

மறுபடி செய்வதானால்

வரிசையை மாற்றுவேன். விளம்பரத் தடுப்பானுக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் ஒரு மதியம் போதும். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆப்லாக்கரின் தணிக்கை நிலையையும் அன்றே போட்டுவிடுவேன். கணக்கெடுப்பை ரெஜிஸ்ட்ரியில் தேடி அலைவதைவிட 8003 பதிவுகள் நன்றாகச் சொல்கின்றன. எது நிறுவப்பட்டிருக்கிறது என்பதைவிட எது உண்மையில் ஓடுகிறது என்பதுதான் வேண்டும். விரிதாளில் 'கடைசியாக யார் பயன்படுத்தினார்' என்று ஒரு பத்தியும் சேர்ப்பேன். அலமாரியில் ஒருமுறை கேட்டுவிட்டு மறந்துபோனவை சேர்ந்துகொண்டே போகின்றன, அத்தனைக்கும் புதிய பதிப்பு வந்ததா என்று பார்ப்பது வீண் வேலை.

வடிவமைப்புப் பிரிவின் இரண்டு மேக் கணினிகளை இன்னும் தொடவில்லை. மேக்ஓஎஸ் 15 முதல், சரிபார்க்கப்படாத செயலியைக் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறக்கும் குறுக்குவழியை ஆப்பிள் எடுத்துவிட்டது. அமைப்புகளுக்குள் போய்த்தான் அனுமதிக்க வேண்டும். அது ஓரளவு தாங்கும். அட்மின் உரிமையை எடுப்பதுதான் அங்கே அடுத்த வேலை. எழுத்துரு நிறுவ ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்குமா என்று அவர்கள் இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பயனரின் சொந்த நூலகத்தில் நிறுவினால் கேட்காது. அதைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் தொடங்கப் போகிறேன்.